சித்தியின் எண்பதாயிரம்: காஞ்சிபுரத்தில் ஒரு கூறையும் நாணய மாற்றும்

தம்பி பிரதீபனின் கலியாணத்துக்குக் கூறை எடுப்பதற்காகப் போன மாசி மாதம் நானும் சித்தியும் யாழ்ப்பாணத்திலிருந்து காஞ்சிபுரம் போய் நான்கு நாள் நின்று வந்தோம். வந்த நாள் தொடக்கம் என் மருந்துக்கடைக்கு வருகிற பாதிப் பேர் மருந்தை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு காசு கொண்டுபோனீர்கள், எங்கே மாற்றினீர்கள், எங்கள் காசு அங்கே எவ்வளவு போகும்? ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் உளைந்து போனதால் எழுதிவிடுகிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இந்த இணைப்பை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக மருந்துக் குளிசை எண்ணலாம்.

குழப்பம் வராமலிருக்க ஒரு ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் "ரூபா" என்றால் இலங்கைக் காசு. "ரூபாய்" என்றால் இந்தியக் காசு.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: கூறை என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கிற கலியாணச் சேலை. அதை உடுத்தி வந்த பிறகுதான் தாலி. எங்கள் வீட்டில் கூறைக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. கடன்பட்டு எடுக்கக் கூடாது. எடுக்கிறவர் காசோடு இன்னொருவர் காசு கலக்கக் கூடாது. விலை பேசக் கூடாது. எல்லா வீட்டிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இதை மீறி யாரும் இன்றுவரை உயிரோடு தப்பவில்லை.

சித்தியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. தம்பி பிறந்த கையோடு அம்மா காலமாகிவிட்டார். நாட்டில் சண்டை முற்றியபோது ஒரு வயதுப் பிள்ளையான அவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். மூத்தவள் நான் அப்பாவோடு ஊரில் நின்றேன். சித்தி அங்கே அகதி முகாமில் பதினொரு வருடம் இருந்தார். பக்கத்து ஊர்த் தையல் கூடம் ஒன்றில் வேலை செய்து எண்பதாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தார். திரும்பி வந்தபோது அதை மாற்றி, ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாவாக வங்கியில் நிலையான வைப்பில் போட்டார். வந்த வட்டியில் தம்பியைப் படிப்பித்தார். முதல் தொகையில் கை வைக்கவில்லை. கலியாணமும் கட்டவில்லை.

பெண் வீட்டுக்குக் கலியாணம் பேசப் போன அன்று, "கூறை என்ரை பொறுப்பு" என்று சித்தி சபையில் சொல்லிவிட்டார். நான் அன்று போகவில்லை. பெண் தர்சினி, காஞ்சிபுரத்துக் கடை ஒன்றை வீடியோவில் அழைத்து ஒரு சேலையைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று மட்டும் பிறகு அறிந்தேன். என்ன விலை என்று சித்தியைக் கேட்டேன். "அது எனக்கும் அவளுக்கும் தெரியும்" என்றார். சித்தியிடம் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்கிற துணிவு எங்களில் யாருக்கும் இல்லை.

இனிக் காசு விஷயம். எங்கள் ரூபாவை நேரே கொண்டுபோய்க் காஞ்சிபுரத்தில் நீட்டினால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். பலாலி விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. ஆனால் எங்கள் காசு அங்கே போக அமெரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். ரூபாவைக் கொடுத்து டொலர் வாங்கி, அங்கே டொலரைக் கொடுத்து ரூபாய் வாங்குகிறோம். இரண்டு இடத்திலும் மாற்றிக் கொடுப்பவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. அவருடைய கடை வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

பயணத்துக்கு முதல்நாள் யாழ்ப்பாணத்தில் அனுமதி பெற்ற மாற்றுநிலையம் ஒன்றுக்குப் போனோம். சித்தி வைப்பை உடைத்து எடுத்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் கொடுத்தார். ஒரு டொலர் 306 ரூபாப்படி 520 டொலர் வந்தது. மிச்சம் 880 ரூபா. ஐந்து நூறு டொலர்த் தாளையும் ஒரு இருபதையும் சித்தி கையில் வைத்துப் பார்த்தார்.

"இது காணுமோ பிள்ளை?"

"நல்ல சேலை ஒண்டுக்குக் காணும் சித்தி" என்றேன். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் அளவில் வரும், அதற்குக் காஞ்சிபுரத்தில் சுத்தமான பட்டு எடுக்கலாம் என்று என் மனதில் ஓடியது. சித்தியின் மனதில் வேறு தொகை ஓடியது. டொலர் நடுவில் திரை போட்டதுபோல நின்றதால் இருவருக்கும் மற்றவரின் தொகை தெரியவில்லை.

மறுநாள் பறந்தோம். விமானச் சீட்டு போய்வர ஒருவருக்கு 52,000 ரூபா. சென்னை விமான நிலையத்தில் டொலர் மாற்றாதீர்கள், விலை குறைவு. வாடகைக் காருக்கு மட்டும் முன்பு என் கையில் மிஞ்சியிருந்த ரூபாயைக் கொடுத்தேன். 65 கிலோமீற்றர், 2,200 ரூபாய். ஸ்ரீபெரும்புதூரில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் ஆனது. காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட இரண்டு கட்டில் உள்ள குளிரூட்டிய அறை, நாளுக்கு 1,800 ரூபாய். சுத்தம். சுடுநீர் காலை ஒன்பது மணிவரைதான். தங்குமிடம், சாப்பாடு, ஓட்டோ எல்லாம் என் செலவு.

இரண்டாம் நாள் காலை இட்லியும் பொங்கலும் சாப்பிட்டோம், இருவருக்கும் 140 ரூபாய். சித்தி உற்சாகமாக இருந்தார். முகாம் நாட்களுக்குப் பிறகு இப்போதுதான் தமிழ்நாட்டுக்கு வருகிறார். தேநீர்க்காரரிடம் இந்தியத் தமிழில் "ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கேட்டு வாங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பத்தரை மணிக்குக் காந்தி வீதியில் ஒரு மாடியிலிருந்த மாற்றுநிலையத்துக்குப் போனோம். கடவுச்சீட்டைப் பிரதி எடுத்தார்கள். ஒரு டொலருக்கு 84 ரூபாய் 50 பைசா, மொத்தம் 43,940 ரூபாய். நடுத்தர வயது மனிதர், இயந்திரத்தில் இரண்டு தரம் எண்ணிக் கட்டிக் கொடுத்தார். சித்தி தாமும் ஒரு தரம் எண்ணினார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார்.

"மிச்சம் எங்கை?"

"அவ்ளோதாம்மா. ரசீது பாருங்க."

"தம்பி, நான் இந்த நாட்டிலையிருந்து எண்பதாயிரம் கொண்டுபோனனான். அதைத்தான் திருப்பிக் கொண்டந்திருக்கிறன். நீங்கள் பாதியை வைச்சுக்கொண்டு தாறியள்."

அந்த மனிதருக்குக் கோபம் வரவில்லை. கணிப்பொறியைச் சித்தியின் பக்கம் திருப்பி வைத்தார். "இன்னாமா நீங்க. நீங்க போன காலத்துல நம்ம ஒரு ரூபாய்க்கி உங்க ஊர்ல ரெண்டு ரூபா குடுத்திருப்பாங்க. இப்ப மூணரை மா, அதுக்கும் மேல. உங்க ஊரு துட்டு எறங்கிக்கினே வந்துச்சு. நானா எறக்குனேன்?"

நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். சித்தி திரும்பி வந்தபோது ஒன்றுக்கு இரண்டு என்று மாற்றியவர். அந்த ஒன்றுக்கு இரண்டு அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது. பொருளாதார நெருக்கடி வந்த வருடத்தில் எங்கள் ரூபா ஒரேயடியாக விழுந்தபோது பாணும் மாவும் விலை ஏறியதை அவர் பார்த்தார். ஆனால் வங்கிப் புத்தகத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒரு லட்சத்து அறுபதாயிரமாகவே இருந்தது. அதற்குள்ளே இருந்த எண்பதாயிரம் கரைந்தது யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான். கடைசியாக எந்த வருடம் இந்தியா போனோமோ அந்த வருடத்து விலைதான் மனதில். என் மாமனார் இன்றைக்கும் ஒன்றுக்கு ஒன்றரை என்று சாதிப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டரை. நான் மட்டும் என்ன? கைப்பேசியில் பார்த்து மூன்றரை என்று நம்பிக்கொண்டு போனேன். கையில் கிடைத்ததைக் கணக்குப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபா அறுபத்திரண்டு சதம் போயிருந்தது. கைப்பேசி காட்டுவது நடுவிலை. நடுவிலையில் யாரும் யாருக்கும் காசு மாற்றிக் கொடுப்பதில்லை.

கீழே இறங்கி நடைபாதையில் நின்றோம். "பிள்ளை பார்த்து வைச்ச சேலை என்ன விலை சித்தி?" என்று துணிந்து கேட்டேன்.

"எழுபத்தாறாயிரத்து ஐந்நூறு." வீதியைப் பார்த்தபடி சொன்னார். "எண்பதாயிரத்துக்குள்ளை விரும்பினதை எடு எண்டு சபையிலை சொன்னனான்."

மிச்சத்தை நான் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் அட்டை இருந்தது. சித்தி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய காசில் அவர் வாங்கிக் கொடுத்தால்தான் அது அவர் கொடுத்த கூறை. தாய் இல்லாத பிள்ளைக்குத் தாயின் இடத்தில் நின்று கொடுப்பது. அதில் என் காசு கலந்தால் அவர் பாதித் தாய்தான். இதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அந்த நடைபாதையில் எனக்கு வந்த அழுகையை ஒரு கரும்புச்சாற்றுக்காரரின் வண்டியைப் பார்த்து அடக்கினேன்.

எங்களை நாள் முழுக்கக் கூட்டிப்போக 900 ரூபாய்க்குப் பேசியிருந்த ஓட்டோக்காரர் அந்தோணி காத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி, இப்போது தனக்குச் சொந்தமாக இரண்டு ஓட்டோ என்று வரும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தார். ஏறியதும், "மேடம், முன்னாடியே சொல்லிடறேன். கடைக்கி கிராக்கி இட்டுக்கினு போனா எனக்கு கமிஷன் தருவாங்க. அப்பறம் தெரிஞ்சி வருத்தப்படாதீங்க" என்றார். இப்படி வெளிப்படையாகச் சொல்கிறவரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

தர்சினி பார்த்து வைத்த கடைக்கே போனோம். விற்பனையாளர் சேலையை விரித்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, உடல் முழுக்க நெருக்கமாகச் சின்னச் சின்னப் பூவாய்ச் சரிகைப் புட்டா. வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு. சித்தி தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கையில் உள்ள காசுக்கு இது வராது என்று நேரே சொல்லிவிட்டார். விற்பனையாளர் உடனே இதே தோற்றத்தில் பதினெட்டாயிரத்துக்கு ஒன்றை எடுத்துப் போட்டார். சித்தி அதைத் தொடவே இல்லை. "இது பொய்ச் சரிகை" என்றார். பதினொரு வருடம் சேலைக்கு ஓரம் தைத்த கை அது.

விற்பனையாளர் அதை மடித்து ஒதுக்கினார். "அம்மா, இந்த புடவ கூட ஒரே பாவுல இன்னும் ரெண்டு புடவ நெய்யக் குடுத்தோம். ஒண்ணு போயிடுச்சு. கடைசி ஒண்ணு இன்னும் தறியில இருக்குது, அறுக்கல. அதே பட்டு, அதே கலரு, அசல் ஜரிக. உடம்புல புட்டா மட்டும் இல்ல. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

பிள்ளையார்பாளையம், கடையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். சந்துக்குள் திரும்பும்போதே தறிச் சத்தம் கேட்டது. தேவகி என்ற பெண்ணும் கணவரும் நெய்கிற வீடு. அந்தக் கடைக்குக் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவு நூலும் சரிகையும் கடைக்காரருடையது. முன்கூடத்தில் திருநீறு பூசிய பெரிய படங்களுக்குக் கீழே தறி. தேவகி எழுந்து வந்து விளக்கினார்.

"ஒரு பாவு நீட்டுனா மூணு புடவ வரும்மா. கடையில பாத்தீங்களே, அது மொதோ புடவ. அதுல புட்டாவுக்கே அவ்ளோ ஜரிக போச்சு. வெள்ளி வெல ஏற ஏற ஜரிக வெலயும் ஏறிக்கினே போவுது. இது கடைசி. கரையும் முந்தியும் மட்டும் ஜரிக. முந்தி நெய்ய இன்னும் ரெண்டு நாளு ஆவும்."

சித்தி குனிந்து தறியில் இருந்த சேலையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். அதே அரக்கு. புட்டா இல்லாததால் பட்டின் நிறம் தனியே தெரிந்தது. எனக்கு உண்மையில் இதுதான் கூடப் பிடித்தது. ஆனால் அதைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதுபோல இருக்கும் என்று பேசாமல் நின்றேன்.

தேவகி தண்ணீர் கொண்டுவந்து தந்தபடி, "சிலோன்ல நம்ம ரூபாய்க்கி நல்ல வெல கெடைக்குமாமே?" என்று கேட்டார்.

"ஓம். உங்கடை ஒண்டுக்கு எங்கடை மூண்டரை" என்றார் சித்தி.

"அடேயப்பா! அப்ப நாங்க அங்க வந்தா பணக்காரங்கதான்."

"வந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

மாற்றுநிலையத்திலிருந்து இறங்கிய பிறகு சித்தி சிரித்தது அப்போதுதான். நாணய மாற்றை இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. தாளில் மூன்றரை மடங்கு என்பது வாழ்க்கையில் மூன்றரை மடங்கு அல்ல. எங்கள் ஊரில் எண்ணிக்கையும் பெரிது, விலையும் பெரிது. அதனால் காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிடும்போது பெருக்கிப் பார்த்து இது மலிவு, அது மலிவு என்று துள்ளாதீர்கள். உங்கள் சம்பளத்தையும் அதே எண்ணால் பிரித்துப் பார்த்தால் துள்ளல் நின்றுவிடும்.

வெளியே சந்துக்கு வந்ததும் சித்தி தொலைபேசியை எடுத்தார். நான் பேசட்டுமா என்றேன். "வாக்குக் குடுத்தது நான்" என்று சொல்லிவிட்டுத் தர்சினியை அழைத்தார். சத்தம் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"பிள்ளை, நீ பார்த்த சேலை எடுக்க ஏலாமல் போச்சு. நான் இந்தக் காசை ஒண்டுக்கு ரெண்டு எண்ட காலத்திலை கொண்டுபோனனான். எண்பதாயிரம், பதினொரு வருஷத்து உழைப்பு. இப்ப இஞ்சை அது நாப்பத்துநாலாயிரம்கூட வரேல்லை. அதே பாவிலை புட்டா இல்லாத சேலை ஒண்டு தறியிலை இருக்கு. படம் அனுப்புறன். விருப்பமில்லாட்டி சொல்லு, கூறை நீங்களே எடுங்கோ. நான் குறை நினைக்கமாட்டன்."

தர்சினி தோழிகளுக்கெல்லாம் அந்தப் புட்டாச் சேலையின் படத்தை அனுப்பியிருந்தாள் என்று தம்பி எனக்குச் சொல்லியிருந்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, கலியாணச் சேலையைக் கனவு கண்டு வைத்திருக்கிறாள்.

"சரி சித்தி" என்றாள் கடைசியில். "நீங்கள் எடுக்கிறதையே எடுங்கோ." குரல் சின்னதாக இருந்தது. ஏமாற்றம் அதில் அப்படியே தெரிந்தது. சித்திக்கும் தெரிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

கடைக்குத் திரும்பி விலை கேட்டோம். விற்பனையாளர் நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு என்றார். சித்தியிடம் இருப்பது 43,940. சித்தி கும்பிட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

விற்பனையாளர் திகைத்துப் போனார். "அம்மா, எங்க போறீங்க? கொறச்சிக் கேளுங்கம்மா!"

"கூறைக்கு விலை பேசக் கூடாது தம்பி."

"கேப்பீங்கன்னுதானே அந்த வெல சொன்னேன்! கேக்கலன்னா நான் எப்பிடி கொறைக்கறது?" அவருக்கு அழாத குறை. தானாகக் குறைத்தால் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி என்ன சொல்வாரோ என்று பயம் போல, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

நான் கேட்கலாம் என்றால் நானும் மாப்பிள்ளை வீடு. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், உங்க வீட்டு ஆளுங்கதானே பேசக் கூடாது? நான் என்ன உங்களுக்கு சொந்தமா பந்தமா? நான் கேக்கறேன்." விற்பனையாளரின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அண்ணாத்தே, புட்டா இல்லாத புடவைக்கி இன்னா ரேட்டு சொல்லிக்கினு இருக்குற? நாப்பது."

"நாப்பதா? ஜரிக வெல தெரியுமாபா உனக்கு?"

"தெரியாது. அதனாலதான் நாப்பதுன்றேன்."

அடுத்த கால் மணித்தியாலம் இருவரும் அடித்துக்கொண்டார்கள். சித்தி இது எதுவுமே காதில் விழாதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று என்று வந்தபோது மட்டும் தலை கொஞ்சம் திரும்பியது. கடைசியில் வரியோடு 42,500 என்று முடிந்தது. அந்தோணி எழுந்து, "என் கமிஷனும் இதுலதான் கொறைஞ்சிச்சு, பாத்துக்கங்க" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். கடைசி நாள் 500 ரூபாய் கூடக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

சித்தி அங்கேயே முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தார். மிஞ்சியது 1,440 ரூபாய்.

முந்தி முடியும்வரை மூன்றாம் நாள் சும்மா இருந்ததால் ஊர் பார்த்தோம். காலையில் வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட கோயில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள். கைலாசநாதர் கோயிலில் கூட்டமே இல்லை. நிழலில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். பின்னேரம் அந்தோணி தாமல் ஏரிக்குக் கூட்டிப்போனார். மேற்கே பதினைந்து கிலோமீற்றர் வரும், போய்வர 600 ரூபாய். ஏரி நிறையத் தண்ணீர். கரையில் நின்று சித்தி, "ஊரிலை இப்பிடி ஒரு குளம் இருந்தால் நான் சேலையே கேக்கமாட்டன்" என்றார். கொஞ்சம் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குத் தேவகி வீட்டில் சேலையை அறுத்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துச் சித்தியின் கையில் கொடுத்தார் தேவகி. கடையில் ரசீதும் சுத்தப் பட்டு என்பதற்கான முத்திரையும் வாங்கிக்கொண்டு நேரே விமான நிலையம் போனோம். மிஞ்சிய ரூபாயை டொலராக்கித் திரும்ப ரூபாவாக்கலாமா என்று சித்தி கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு இடத்தில் இன்னும் இரண்டு பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அந்தக் காசுக்கு அவர் விமான நிலையத்தில் தம்பிக்கு ஒரு பெட்டி பால்கோவா வாங்கினார்.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெரியவர்களோடு போவதானால், புறப்படுவதற்கு முதல் அவர்கள் மனதில் இருக்கிற தொகையை ரூபாயில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கோபித்தாலும் கேளுங்கள். விலைச்சீட்டைப் பார்த்ததும் மனக்கணக்குப் போட, மூன்றால் பெருக்கி அதோடு சீட்டு விலையில் பாதியைச் சேருங்கள். ஆயிரம் ரூபாய் என்றால் மூவாயிரமும் ஐந்நூறும். டொலர் சுற்றிப் போவதற்கு அதன்மேல் நூறு ரூபாவுக்கு மூன்று நான்கு ரூபா கூட வையுங்கள். நீங்கள் போகும்போது இந்த எண் மாறியிருக்கலாம், அன்றைய விலையைப் பாருங்கள், நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். டொலர்த் தாள் மடிப்பு, கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். மாற்றிய ரசீதை எறியாதீர்கள். கையில் எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற சட்டம் மாறிக்கொண்டே இருப்பது, உங்கள் வங்கியில் கேளுங்கள். அட்டையால் கட்டும்போது கடை இயந்திரம் "உங்கள் நாட்டுக் காசிலா, இந்த நாட்டுக் காசிலா" என்று கேட்கும். உங்கள் நாட்டுக் காசு என்பதை அமத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. இந்திய ரூபாயை அமத்துங்கள். சேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். விலை பேசாத குடும்பம் என்றால் அந்தோணி போன்ற ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

கலியாணம் பங்குனியில் நடந்தது. கூறை உடுத்தித் தர்சினி மணவறைக்கு வந்தபோது நான் பார்த்தது சேலையை அல்ல, சித்தியைத்தான். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். முன்வரிசைக்கு வரச் சொல்லி நான் இரண்டு தரம் ஆள் அனுப்பியும் வரவில்லை. படம் எடுத்து முடிந்து பெண்கள் சூழ்ந்தபோதுதான் சித்தி கிட்ட வந்தார். பெண்ணின் மாமி ஒருவர் கூறையின் முந்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "வடிவான கூறை. காஞ்சிபுரமோ? என்ன விலை?"

கேள்வி சித்தியைப் பார்த்து.

தர்சினி மாலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிச் சித்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்தாள். "எண்பதாயிரம் மாமி" என்றாள். "இந்தியக் காசு."

மாமி விரல் விட்டு மூன்றரையால் பெருக்கினார். "எங்கடை காசுக்கு ரெண்டு லட்சத்து எண்பதாயிரமோ!" என்று வாயில் கையை வைத்தார். சித்தியின் கண் நிறைந்துவிட்டது. மாமியின் கணக்கை நான் திருத்தப் போகவில்லை.